பார்த்தும் பதியாத வண்டி

விபத்து நடந்த இடத்தில் கார்க்காரர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “சத்தியமா நான் பாக்கவே இல்லைங்க.” கூடி நிற்பவர்களுக்கு அதைக் கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வரும். பட்டப்பகல், நேர் சாலை, ஹெட்லைட் எரிய எதிரே ஒரு பைக் வந்திருக்கிறது. பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால், அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது. அவர் தலையைத் திருப்பியிருப்பார். கண்ணும் அந்தப் பக்கம் போயிருக்கும். பைக் மட்டும் மனத்தில் ஏறியிருக்காது.

இதை முதன்முதலில் பெரிய அளவில் கணக்கெடுத்தவர் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட். 1976, 1977 ஆண்டுகளில் அவருடைய குழு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்தது. டயர் தேய்ந்த தடத்தை அளந்தார்கள், உடைந்த பல்பின் இழையைப் பார்த்தார்கள், தப்பித்தவர்களிடம் பேசினார்கள். கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகளையும் அலசினார்கள். 1981-இல் வெளியான அறிக்கை இன்றைக்கும் இத்துறையில் அடிப்படை நூல். ஏறக்குறைய நான்கில் மூன்று விபத்துகளில் இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தது. அவற்றில் மூன்றில் இரண்டில் வழிவிட வேண்டிய கார், வழிவிடாமல் பைக்கின் குறுக்கே வந்திருந்தது. எதிரே வந்த கார் பைக்கின் முன்னால் திரும்பியதே மிகச் சாதாரணமான காட்சி. அவர்கள் ஊரில் அது இடப்பக்கத் திருப்பம். நமக்கு வலப்பக்கத் திருப்பம். ஆபத்து வந்த திசையையும் ஹர்ட் குறித்துவைத்தார். நான்கில் மூன்றுக்கும் மேல், நேர்முன்னாலிருந்து இருபுறமும் 45 பாகைக்குள்.

ஆக, இடித்தவர் பெரும்பாலும் பைக்கின் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறார். பைக்கும் அவர் கண்ணுக்கு எதிரில்தான் இருந்தது. பின் ஏன்?

நாம் பார்க்கிறோம் என்று நினைப்பதில் பெரும்பகுதி மூளை இட்டு நிரப்புவது. கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி ஏறக்குறைய இரண்டு பாகை அகலம்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் மறைக்கும் அளவு. மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சிறு வட்டத்தைக் கண் இங்கும் அங்கும் தாவவிட்டுக் காட்சியைத் தொகுக்கிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கல் படத்தை மூளை வெட்டிவிடுகிறது. அந்த வெட்டு நமக்குத் தெரிவதேயில்லை. சந்திப்பில் நின்று வேகமாக இடமும் வலமும் பார்க்கிறவரின் கண், சாலையின் மூன்று நான்கு இடங்களில்தான் உண்மையில் நின்றிருக்கும். லாரி அப்படி இரண்டு இடங்களுக்கு நடுவில் ஒளிய முடியாது. பைக் முடியும்.

கண் பட்டாலும் போதவில்லை என்பதுதான் அடுத்த சங்கடம். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டன் பாமர் குழு நடத்திய ஒரு சோதனையில் 56 பேருக்குச் சாலைக் காட்சிகளின் படங்களைக் காட்டி, இங்கே ஓட்டுவது பாதுகாப்பா இல்லையா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத ஒன்றைச் சேர்த்தார்கள்: சிலருக்கு டாக்சி, சிலருக்கு மோட்டார் சைக்கிள். டாக்சியைக் கவனிக்காதவர்கள் 31 சதவீதம், மோட்டார் சைக்கிளைக் கவனிக்காதவர்கள் 65 சதவீதம். படம் முன்னாலேயே இருந்தது, மறைப்பு எதுவும் இல்லை. 2018-இல் வெளியான இந்த ஆய்வு சொல்லும் காரணம் எளிமையானது: ஓட்டுநரின் மனத்திலுள்ள ‘எதிர்பார்க்க வேண்டியவை’ பட்டியலில் பைக் கீழே இருக்கிறது. அரிதானதை மூளை தள்ளிவிடுகிறது. மெல்பர்னில் வனெசா பீன்லண்டும் கூட்டாளிகளும் ஓட்டுப்பயிற்சிக் கருவியில் செய்த சோதனையும் அதையே வேறு வழியில் காட்டியது. அடிக்கடி பைக் வந்துகொண்டிருந்தவர்கள் பைக்கைச் சீக்கிரம் கண்டார்கள். அடிக்கடி பஸ் வந்தவர்கள் பஸ்ஸை.

இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க வேண்டும். பாமர் சோதனை நடத்திய கான்பராவில் பைக் அரிது. கடலூரிலும் கரூரிலும் அரிதா? சாலையில் ஓடுவதில் பெரும்பகுதி டூவீலர்தான். கார் ஓட்டுகிறவரும் நேற்றுவரை பைக்கில் போனவர், அல்லது வீட்டில் ஒன்று வைத்திருப்பவர். பைக் ஓட்டத் தெரிந்த கார்க்காரர்கள் பைக்கை இடிப்பது குறைவு என்று ஐரோப்பிய விபத்துத் தரவுகளை வைத்து இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டுச் சாலை உலகத்திலேயே பைக்குக்குப் பாதுகாப்பான சாலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூவீலரில் போனவர்கள் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பு 17,884.

எண்ணிக்கை அதிகம் என்பதற்கு வண்டிகள் அதிகம் என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் ‘அரிது, அதனால் தெரியவில்லை’ என்ற மேலைநாட்டு விளக்கம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பது என் எண்ணம். நம் ஊரில் கார்க்காரர், பஸ்காரர், லாரிக்காரர் தேடுவது வாகனத்தை அல்ல, சந்து. நுழைய எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கேள்வி அதுவானால் சாலையில் ‘இடம்’ என்று கண்ணுக்குப் படுவதற்குள்ளேயே ஒரு பைக் இருக்கலாம். பஸ் சந்தை அடைக்கும், பைக் அடைக்காது. தேடுவது எதுவோ அதுதான் தெரியும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் மோஸ்ட், ஆஸ்டர் என்ற இருவர் 2007-இல் ஓட்டுப்பயிற்சிக் கருவியில் சிலரை மஞ்சள் அம்புக்குறியைப் பின்பற்றச் சொன்னார்கள், சிலரை நீல அம்புக்குறியை. திடீரென்று குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள் தேடிய நிறத்தில் இல்லாதபோது மோதல் பல மடங்கு கூடியது.

இதை ஏற்றுக்கொண்டால், பளிச்சென்ற சட்டையைப் போட்டுக்கொள் என்ற அறிவுரை பாதிக் கிணறுதான் தாண்டும். அடுத்தவர் கண் எங்கே நிற்குமோ அந்த இடத்தில், அது நிற்கும் நேரத்தில் நாம் இருக்கிறோமா என்பது அதைவிடப் பெரிய விஷயம். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

ஒரு பைக்கின் முன்பக்க அகலம் ஓட்டுபவரோடு சேர்த்து 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூரத்தில் அது கண்ணில் ஏறக்குறைய அரைப் பாகை. 50 மீட்டரில் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. 25 மீட்டரில் இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு. வேகம் மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். 100 மீட்டரிலிருந்து 50-க்கு வர மூன்று வினாடி. அந்த மூன்று வினாடியில் பைக் கண்ணுக்குள் வளர்வது அரைப் பாகை மட்டுமே. அடுத்த ஒன்றரை வினாடியில் ஒரு பாகை வளர்கிறது. அதற்கடுத்த முக்கால் வினாடியில் இரண்டு பாகை. ரொம்ப நேரம் அப்படியே நின்றதுபோல் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாகப் பூதாகாரமாகிறது. “எங்கிருந்து வந்தான்னே தெரியல” என்று கார்க்காரர் சொல்வது இந்தக் கடைசி ஒன்றரை வினாடியைத்தான். காருக்கும் இதே விதிதான். ஆனால் அகலம் இரண்டு மடங்கு என்பதால் வளர்வது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் வந்து சேரப்போகிற காரையும் பைக்கையும் காட்டினால், பைக் தாமதமாக வரும் என்றே பார்ப்பவர்கள் மதிப்பிடுகிறார்கள். 2005-இல் மார்க் ஹார்ஸ்வில் குழுவின் ஆய்வு அது. ஆக, கார்க்காரர் பைக்கைப் பார்த்துவிட்டார் என்பதாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது. பார்த்துவிட்டு, “அவன் வர நேரமிருக்கு” என்று திரும்புகிறவரும் உண்டு.

இரவில் இது இன்னும் மோசம். காருக்கு இரண்டு விளக்கு. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி விரிவதை வைத்துக் கண் வேகத்தைக் கணிக்கிறது. பைக்குக்கு ஒற்றை விளக்கு, விரிய இடைவெளி இல்லை. இங்கிலாந்தில் கூல்ட், வான் ஆகியோர் 2012-இல் செய்த சோதனையில், வெளிச்சம் குறையக் குறைய ஒற்றை விளக்கு பைக்கின் வேகத்தை மதிப்பிடும் திறன் மளமளவென்று சரிந்தது. இருபக்கமும் சிறு விளக்குகளைச் சேர்த்து மூன்றாக்கியபோது நிலைமை தேறியது. நம் நெடுஞ்சாலையில் இதற்கு ஓர் உபரித் தொல்லை: ஒரு பக்க ஹெட்லைட் செத்துப்போன லாரி. இருட்டில் எதிரே ‘ஒத்தை லைட்’ வந்தால் அது பைக்கா, ஒற்றைக் கண் லாரியா என்று தெரியாமல் ஒதுங்காதவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. இரவில் ஒரு காருக்குச் சற்று முன்னால் ஒட்டிக்கொண்டு போகும் பைக்கின் விளக்கு, பின்னால் வரும் காரின் இரண்டு விளக்கோடு கரைந்துவிடும். எதிரே திரும்பக் காத்திருப்பவருக்குத் தெரிவது ஒரு கார்தான், அதுவும் இன்னும் தூரத்தில். அப்படி ஒரு கார் பின்னால் ஒட்டினால் வழிவிட்டு அதைப் போகவிடுவது நல்லது.

இனித் தூண் விஷயம். காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் கூரையைத் தாங்கும் தூண்கள் உண்டு; மெக்கானிக்குகள் ‘ஏ பில்லர்’ என்பார்கள். கார் உருண்டால் கூரை நசுங்கக்கூடாது என்று புதிய கார்களில் இவை தடித்துக்கொண்டே வருகின்றன. பத்து செ.மீ. தடிப்புள்ள தூண் ஓட்டுநரின் கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் இருந்தால், இரண்டு கண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 30 மீட்டர் தள்ளி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு இருட்டடிப்பு. நேராக வரும் பைக்கின் அகலம் 80 செ.மீ. தாராளமாக உள்ளே அடங்கும். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், கண்ணுக்கு நெருக்கமான தூண் வலத்தூண். கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் ஏறும்போது முதலில் எதிர்ப்படும் போக்குவரத்து வருவதும் வலப்பக்கத்திலிருந்துதான். அதிகம் மறைக்கிற தூணும் அதிகம் பார்க்க வேண்டிய திசையும் ஒன்றாக அமைந்துவிட்டன.

கார் நின்றிருந்தால் பைக் சீக்கிரம் தூணைத் தாண்டி வெளிப்பட்டுவிடும். கார் மெல்ல நகர்ந்துகொண்டே வரும்போதுதான் வினை. இரண்டின் வேகமும் பொருந்திவிட்டால், மோதும் கணம்வரை பைக் தூணுக்குப் பின்னாலேயே தொடர்ந்து வரும். கடலோடிகளுக்கு இது பழைய பாடம். எதிர்ப்படும் கப்பல் ஒரே கோணத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் மோதப்போகின்றன. தூண் இல்லாவிட்டாலும் கோணம் மாறாத பொருள் அசைவாகத் தெரிவதில்லை. பூச்சிகளில் இந்தத் தந்திரத்தை விளக்கியவர் இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மாண்டயம் ஸ்ரீனிவாசன். இரையின் கண்ணுக்குத் தான் நகரவே இல்லை என்று தோன்றும்படி வளைந்து நெருங்குவது எப்படி என்று 1995-இல் டேவி என்பவரோடு சேர்ந்து எழுதினார். தும்பிகள் அப்படிப் பறப்பதைப் பின்னர் அவர் குழு பதிவுசெய்தது. காத்திருக்கும் காரை நோக்கி நேர்கோட்டில் வரும் பைக்காரர் தெரியாமலேயே தும்பியின் வேலையைச் செய்கிறார்.

இதை வைத்துச் சில மேலைநாட்டுப் பயிற்சியாளர்கள், சந்திப்பை நெருங்கும்போது பாதைக்குள்ளேயே மெல்ல இடவலமாக நெளிந்து வா என்கிறார்கள். அங்கே அகலமான தனித்தடத்தில் அது சரியாக இருக்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நெளிந்தால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ நம் முதுகில் ஏறிவிடும். இங்கே செய்யக்கூடியது எளிமையானது: சந்திப்புக்கு முன் ஆக்சிலேட்டரைத் தணிப்பது. வேகம் மாறினால் கோணம் மாறும், தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவோம். பிரேக் பிடிக்க இடமும் கிடைக்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதியை மலேசியா 1992 செப்டம்பரில் கொண்டுவந்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் சிரம்பான், ஷா ஆலம் நகரங்களில் ராடின் உமர் குழு விபத்துகளை ஆராய்ந்தபோது, பார்வைக்குத் தப்பியதால் நேர்கின்றவை ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்திருந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சூசன் வெல்ஸ் குழு அடிபட்ட 463 பைக்காரர்களையும் அடிபடாத 1,233 பேரையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்ட கணக்கில், பகலில் விளக்கு எரிந்தவர்களுக்கு ஆபத்து 27 சதவீதம் குறைவு. ஒளிரும் அல்லது பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய டூவீலர்களில் ஹெட்லைட் தானாக எரிகிறது, அணைக்கும் சுவிட்சே கிடையாது. அந்த வருடம் புது வண்டி வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் விரல்களை விரித்து மூடிக் காட்டி, “தம்பி, லைட்டு எரியுது” என்று ஓயாமல் அக்கறைப்பட்டார்கள்.

அந்த அக்கறை நின்றுபோனதை நான் கொஞ்சம் கவலையோடுதான் பார்க்கிறேன். கண் பழகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிரிட்டனில் ஹோல், டிரெல் இருவரும் 1995-இலேயே எச்சரித்தார்கள்: விளக்கு எரியும் பைக்குகளையே வரிசையாகப் பார்த்துப் பழகியவர்கள், விளக்கு எரியாத பைக் வந்தால் அதைத் தாமதமாகக் கண்டார்கள். 2017-க்கு முந்தைய பழைய வண்டியும், பல்பு போன வண்டியும் இன்றைக்கு முன்னைவிட மறைந்துபோகின்றன. பிரான்சில் காவல்லோ, பின்டோ செய்த ஆய்வு அடுத்த படி. கார்களும் பகல் விளக்கு போட ஆரம்பித்தால் பைக்கின் விளக்கு அந்தக் கூட்டத்தில் தொலைந்துவிடுகிறது. எல்லாரும் எழுந்து நின்றால் உயரம் எதற்கு?

ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவது தனிக் கதை. பிரிட்டனில் பல ஓட்டுநர்கள் அதை ‘நீ போ’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் ‘நான் வர்றேன், நில்லு’ என்று பொருள். ஒரே சைகை, எதிரெதிர் அர்த்தம். வெளிநாட்டில் பல வருடம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் எதிர்க் காரில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது.

உடையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லி நகரலாம். ஒளிரும் பச்சை மஞ்சள் துணி, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருவது. சூரியன் போனால் அதுவும் போயிற்று. வெள்ளிப்பட்டை நேர்மாறு: வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்புவது, இரவில் ஹெட்லைட் பட்டால் மட்டுமே வேலை செய்யும். குறுக்குத் தெருவில் பக்கவாட்டாக நிற்கும் காருக்கு அந்தப் பட்டை தெரியாது, ஏனென்றால் அதன் விளக்கு நம்மீது விழவில்லை. நிறத்தைவிடப் பின்னணியோடு உள்ள வேறுபாடே முக்கியம் என்பதும் தெரிந்ததுதான். பச்சை வயலோரச் சாலையில் பச்சைச் சட்டை எடுபடாது. நெரிசலில் உடம்பு முழுவதும் கார்களுக்கு நடுவே மறைந்துபோக, மேலே தெரிவது தலை மட்டும்தான். அதனால் மேல்சட்டைக்குச் செலவழிக்கத் தயங்குபவர்கூட வெள்ளை ஹெல்மெட் வாங்கலாம். வெயிலுக்கும் நல்லது. ஆனாலும் கடையில் பத்துக்கு ஏழு கறுப்பாகத்தான் தொங்குகிறது.

சூரியனைச் சொன்னதால் ஒன்று. மாலையில் கிழக்கு நோக்கிப் போகும்போது நம் நிழல் நமக்கு முன்னால் நீண்டு விழுகிறதென்றால், எதிரே வருகிறவரின் கண்ணில் சூரியன் நேராகக் குத்துகிறது. நமக்குச் சாலை அற்புதமாகத் தெரியும். அவருக்கு நாம் தெரியவே மாட்டோம். சென்னை–பெங்களூர் சாலை, திருச்சி–கரூர் சாலை போன்ற கிழக்கு மேற்குச் சாலைகளில் காலை ஏழு மணியும் மாலை ஐந்தரை மணியும் இந்த வகையில் பொல்லாத நேரம்.

ஹர்ட் சொல்லாத, நம் சாலைக்கே உரிய ஆபத்து முதுகுப் பக்கம் இருக்கிறது. அமைச்சக அறிக்கைகளில் மோதல் வகைகளில் அதிக எண்ணிக்கை பின்னாலிருந்து மோதியவைக்கு. 2022-இல் எல்லா வாகனங்களையும் சேர்த்து 21 சதவீதத்துக்கு மேல். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வில் பெரும்பாலும் முன்பக்கம்தான். நம் நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் வரும் சொகுசுப் பேருந்தும் 40-இல் போகும் பழைய மொபெட்டும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. வேக வித்தியாசம் வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். மொபெட்டின் பின்னால் எரிவது ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. ஒற்றைப் புள்ளியை வைத்துத் தூரத்தைக் கணிக்க முடியாது என்பது முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்துக்கும் பொருந்தும். புள்ளியும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் புள்ளி பெரும்பாலும் இருப்பதில்லை. ஹெட்லைட் போனால் நமக்கே வழி தெரியாது, உடனே மாற்றுவோம். டெயில் லைட் போனால் நமக்கு ஒன்றும் தெரியாது. அதிகாலையில் கிராமத்திலிருந்து டவுனுக்குப் பால் கொண்டு போகும் பைக்கைப் பின்னாலிருந்து பாருங்கள். இருபக்கமும் கொக்கியில் தொங்கும் அலுமினியக் கேன்கள், சீட்டின் மேல் குறுக்கே ஒன்று, அதைக் கட்டிய ரப்பர் டியூப். இண்டிகேட்டர் இரண்டும் கேனுக்குப் பின்னால். டெயில் லைட்டின் மேல் சாக்கு நுனி தொங்கும். நம்பர் பிளேட்டில் சேறு, அதன் அருகே தொழிற்சாலையில் பொருத்தித் தந்த சிவப்புப் பிரதிபலிப்பானிலும் சேறு. அவர் முன்னால் விளக்கு ஜெகஜோதியாக எரியும்; பின்னாலிருந்து பார்க்க இருட்டின் ஒரு துண்டு போகிறது. பூக்கூடை, தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர் எதுவானாலும் கதை இதுதான். சில இடங்களில் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முந்தானையே விளக்கை மூடிவிடுகிறது. ஒரு முழச் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரை வாங்கிக் கேனின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிவிட்டால், பின்னால் வருபவருக்கு இடைவெளியோடு இரண்டு புள்ளி கிடைக்கும். காருக்கு உள்ள சௌகரியம் பால் வண்டிக்கும் வந்துவிடும்.

பிரேக் லைட்டிலும் ஒரு சூட்சுமம். கியரைக் குறைத்து எஞ்சின் இழுவையிலேயே வேகத்தைத் தணிப்பது பழகிய ஓட்டுநர்களுக்குப் பெருமை. அப்போது பின்விளக்கு மாறுவதில்லை. பின்னால் வருபவருக்கு நாம் அதே வேகத்தில் போவதாகவே தோன்றும். தணிக்கும் முன் பிரேக்கை லேசாகத் தொட்டு இரண்டு முறை விளக்கை எரியவிடுவது ஒரு செலவுமில்லாத காரியம். விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஆள்கூட வேண்டாம். ராத்திரி வண்டியைச் சுவரோரம் பின்னால் தள்ளி நிறுத்தி, கைப் பிரேக்கையும் கால் பிரேக்கையும் தனித்தனியாக அழுத்தினால் சுவரில் சிவப்பு கூடுவது தெரியும். கால் பிரேக்கின் சுவிட்ச் ஸ்பிரிங் தளர்ந்து, பெடலைப் பாதி அமுக்கிய பிறகே எரிகிற வண்டிகள் ஏராளம்.

பெரிய வண்டிகளின் பக்கம் வேறு கணிதம். பஸ், லாரி ஓட்டுநர் தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் கண்ணை வைத்திருக்கிறார். பம்பரை ஒட்டி முன்னால் நிற்கும் பைக்கும், இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்கும் பைக்கும் அவருக்குத் தெரியாது. சிக்னலில் இடப்பக்கம் ஊர்ந்து முன்னேறி லாரியின் மூக்குக்கு அடியில் போய் நிற்பது நமக்குக் கைவந்த கலை. விளக்கு பச்சையானதும் அவர் கிளப்புகிறார். இடப்பக்கம் திரும்பும் நீள வண்டியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடம் சுருங்கி இல்லாமல் போகும். அங்கே மாட்டிக்கொண்டவர் ஹாரன் அடித்தும் பயனில்லை. ஹாரன் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுமே தவிர எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட காருக்குள் திசை சுத்தமாகத் தெரியாது. புல்லட்டின் சைலன்சரைக் கழற்றிச் சத்தம் கூட்டுகிறவர்களும் பாதுகாப்புக்காக என்றே சொல்கிறார்கள். அந்தக் குழாயின் வாய் பின்னால் பார்த்திருக்கிறது. ஆபத்து முன்னால் இருக்கிறது.

கார்க்காரரின் சைடு மிரரில் அவர் முகம் நமக்குத் தெரிந்தால் அவருக்கும் நம்மைப் பார்க்க முடியும்; ஒளி இரண்டு திசையிலும் ஒரே வழியில்தான் போகும். தெரியாவிட்டால் நாம் அவருக்கு இல்லாதவர். ஆனால் நகரத்தில் உரசிவிடும் என்று இடப்பக்க மிரரை மடக்கி வைத்துக்கொண்டே ஓட்டும் கார்கள் எத்தனை! அந்தக் காரின் இடப்பக்கம் முழுவதும் குருட்டுப் பக்கம். பைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. புது வண்டி வாங்கிய வாரமே மிரரைக் கழற்றி வீட்டில் வைப்பவர்களும், தலைமுடியைப் பார்க்க உள்பக்கம் திருப்பிக்கொள்பவர்களும் தெருவுக்கு நாலு பேர்.

திரும்பக் காத்திருக்கும் கார்க்காரரின் கண்ணைப் பார், கண்ணும் கண்ணும் சந்தித்தால் பயமில்லை என்பார்கள். கான்பராவில் பைக்கைக் கவனிக்காத 65 சதவீதத்தினரும் படத்தை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை விட்டுவிட்டு முன்சக்கரத்தைப் பார்ப்பது மேல். உருளும் சக்கரத்தின் மேல்விளிம்பு காரின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் நகர்கிறது. கார் அசைந்ததா என்று அதன் உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முன்பே சக்கரம் சொல்லிவிடும்.

இவ்வளவும் பைக்காரரின் தலையிலேயே விழுகிறது என்பதுதான் இந்த ஆய்வுகளின் மீது எனக்குள்ள மனக்குறை. பார்க்காதது கார்க்காரர், சட்டை மாற்ற வேண்டியது பைக்காரர். மலேசியாவில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் 1970-களிலேயே அமைக்கத் தொடங்கினார்கள். தடத்துக்குள் போகிறவர் யார் கண்ணிலும் பட வேண்டிய அவசியமில்லை. அங்கும் மழைக்கு ஒதுங்கிப் பாலத்தடியில் நிற்பவர்மீது மோதுவது, தடத்தின் குறுகிய வளைவு என்று குறைகள் உண்டு. என்றாலும் கண்ணை நம்பாமல் கான்கிரீட்டை நம்பிய யோசனை அது. நம் நான்குவழிச் சாலைகளில் ஊருக்கு ஊர் மீடியனில் விட்டிருக்கும் திறப்பைப் பாருங்கள். அடுத்த யூ-டர்ன் மூன்று கிலோமீட்டர் தள்ளி என்பதால் ராங் சைடில் ஓரமாக வரும் பைக், பைக் வரும் என்று யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வருகிறது. அந்த ஆள் அவசரக்காரர் என்று திட்டுவது சுலபம். சர்வீஸ் ரோடு போட்டிருந்தால் அவர் அப்படி வந்திருக்க மாட்டார்.

விளக்குக்கும் அரசாங்கம் செய்யக்கூடியது உண்டு. லாரியும் பஸ்ஸும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி.க்குப் போய்த் தீர வேண்டும். சொந்த டூவீலருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். இந்தப் பதினைந்து வருடத்தில் அதன் டெயில் லைட் எரிகிறதா என்று எந்த அதிகாரியும் ஒருமுறைகூடப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதா, புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று வண்டியை ஓரங்கட்டிக் காகிதம் கேட்கும் போலீஸ்காரர், கூடவே பிரேக்கை ஒருமுறை அழுத்தச் சொல்லிப் பின்னால் எட்டிப் பார்க்க ஆகும் நேரம் பத்து வினாடி.